போனஸ் வந்த கதை

காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் நின்று நான் "போனஸ்! வா, வா!" என்று கூப்பிட்டால் நங்கநல்லூரில் மூன்று வீட்டு ஜன்னல்களாவது திறக்கும். மூன்றுமே மாதச் சம்பளக்காரர்களின் வீடுகள். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"ஏன் ஸார், இப்படிக் கூப்பிட்டா வந்துடுமா? நாங்க யூனியன் வெச்சுக் கூப்பிட்டே வரலை!"

வந்தது ஸார். ஆனால் நான் கூப்பிட்டு வரவில்லை. என் மனைவி துண்டில் சுற்றி எடுத்துவந்தாள்.

2024 செப்டம்பர் முதல் வாரம், ஒரு மழை ராத்திரி. பக்கத்துக் காலி மனையில் ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டிருந்தது. இரண்டை யாரோ எடுத்துப் போனார்கள். ஒன்று தாங்கவில்லை. தாய் தண்ணீர் லாரியில் அடிபட்டுப் போனது. மிச்சம் ஒன்று. பழுப்பு நிறம், வெள்ளைப் பாதம், உடம்பைவிடப் பெரிய வயிறு.

"என்னங்க, இது இனிமே இங்கதான் இருக்கும்" என்றாள் மனைவி. கேள்விக்குறி இல்லாத வாக்கியம். ஆபீஸில் இதற்கு சர்க்குலர் என்று பெயர்.

நான் பதில் சொல்லவில்லை. சோபாமேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன்.

இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு நாய் என்றால் பயம். சாதாரண பயம் இல்லை. தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிற பயம். பி.காம். படித்து, ஆறு வருஷம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதி, அதை விட்டுவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். வேலையை விட்டபோதுகூட இவ்வளவு பயந்ததில்லை.

சோபாவில் எனக்குப் பக்கத்தில் இன்னொருவரும் ஏறி நின்றிருந்ததைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன். என் மகள். ஆறு வயது. அவளை எந்த நாயும் கடித்ததில்லை. துரத்தியதும் இல்லை. அவளைப் பார்த்து ஒன்று உறுமியதுகூட இல்லை.

மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இவளுக்கு இது யார்கிட்டேர்ந்து வந்துதுன்னு இப்பத் தெரியுதா?" என்றாள்.

நான் மெதுவாகக் கீழே இறங்கினேன்.

பெயர் வைத்தது நான்தான். எதிர்பார்க்காதபோது வந்தது, அதனால் போனஸ்.

* * *

மறுநாள் கால்நடை டாக்டரிடம் போனோம். கூடையை மனைவி வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குக் குடை பிடித்தேன். டாக்டரம்மா குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "ஏழு வாரம் இருக்கும். உங்களுக்கு டைம் கம்மியா இருக்கு ஸார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கா?"

"குட்டியைப் பழக்கறதுக்கு!"

விஷயம் இதுதான். நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம்வரை ஒரு பருவம். அந்தச் சமயத்தில் எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, கேட்கிறதோ, அதையெல்லாம் 'இது நம்ம உலகம்' என்று எழுதி வைத்துக்கொள்கிறது. அப்புறம் வருகிற புதுசெல்லாம் சந்தேகக் கேஸ்.

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து பார் ஹார்பரில் உள்ள ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தில் இதைப் பல வருஷம் ஆராய்ந்திருக்கிறார்கள். உயர்ந்த வேலி போட்ட மைதானத்தில், மனிதர் கண்ணிலேயே படாமல் குட்டிகளை வளர்த்தார்கள். இடையில் சில வாரங்களில் மனிதரோடு பழக விட்ட குட்டிகள் சிநேகமாயின. பதினான்கு வாரம்வரை யாரையுமே பார்க்காமல் வளர்ந்தவை கடைசிவரை காட்டு மிருகம் மாதிரியே மிரண்டன. 1961-ல் இது வெளியானது. அந்தக் கூடத்தின் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965-ல் பெரிய புத்தகமே போட்டார்கள்.

"பதினாலு வாரத்தோட கவுண்டரை மூடிடுவாங்களா டாக்டர்?" என்றேன்.

"பூரா மூட மாட்டாங்க. ஆனா அப்புறம் ரொம்ப நேரம் க்யூவில நிக்கணும்."

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். மிச்சம் ஏழு வாரம். அது முடிந்து ஒரு வாரத்தில் தீபாவளி.

இதில் ஒரு சிக்கல் வேறு. பார்வோ போன்ற வியாதிகளுக்கான தடுப்பூசி ஒரே தடவையில் முடிவதில்லை. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம்வரை போகும். வெறிநோய்க்கான ஊசி மூன்றாம் மாதம். அதுவரை தெருத் தரையில் விட்டால் நோய் ஒட்டிக்கொள்ளும். விடாமல் வீட்டுக்குள் பூட்டினால் பயம் ஒட்டிக்கொள்ளும்.

"அப்ப என்ன பண்றது?"

"தூக்கிட்டுப் போங்க" என்றார் டாக்டரம்மா. "வீட்லேயே இருக்கறது யாரு?"

மனைவி பாங்கில் வேலை பார்க்கிறாள். மகள் ஒன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு முழங்கால் வலி. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அதாவது, இருவர் அங்கே பார்த்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்ததும் பார்த்தார்.

* * *

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன்வரை போய் வந்த குமாஸ்தா. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். காலையில் பேப்பரை முழு அகலத்துக்கும் விரித்துப் படிப்பதுதான் அவருடைய ஓய்வூதியம். "முப்பது வருஷம் கூட்டத்துல எட்டா மடிச்சுப் படிச்சாச்சு. இனிமேயாவது விரிச்சுப் படிக்கறேன்" என்பார்.

போனஸை அவர் 'அது' என்றுதான் சொல்வார். "அது எங்கே? அதைக் கட்டிப் போடு."

மூன்றாம் நாள் காலை. அப்பா காபி எடுத்துவர எழுந்து போன சமயம், விரித்து வைத்திருந்த பேப்பரின்மேல் அது நடந்துபோய், தலையங்கத்தின்மேல் தன் கருத்தைத் தெரிவித்துவிட்டது. அப்பா வந்து பார்த்தார். மிச்சப் பக்கங்களைச் சுருட்டினார். ஓங்கி ஒரே ஒரு அடி.

பலமான அடி இல்லை. ஆனால் அது போட்ட கூச்சல்! கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஒரு மூலையில் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. நாயை யாரோ அடக்கிவிட்டார்கள் என்கிற நிம்மதி. ஏழு வாரக் குட்டி ஸார் அது.

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "அது என்ன கத்துக்கிட்டிருக்கும்னு நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

"பேப்பர்ல போகக் கூடாதுன்னு."

"இல்லை. ஒரு பெரியவர் பேப்பரை எடுத்தா வலிக்கும்னு. அவ்வளவுதான்."

ஆபீஸ் நண்பர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஏப்ரலில் நீங்கள் செய்த ஒரு தப்புக்கு மார்ச் மாத அப்ரைசலில் மானேஜர் கத்துகிறார். உங்களுக்கு அந்தத் தப்பு ஞாபகம் இருக்கிறதா? இல்லை. மானேஜரின் முகம்தான் ஞாபகம் இருக்கிறது. நாய்க்குட்டிக்கும் அதே கதைதான். நல்லது செய்தால் ஒன்றிரண்டு விநாடிக்குள் சன்மானம் தர வேண்டும். அரை மணி கழித்துத் தந்தால் எதற்கு என்று தெரியாது. பழைய ஈரத்தில் மூக்கைத் தேய்ப்பது, கத்துவது எல்லாம் கற்றுத் தருவது ஒன்றைத்தான்: இவர்கள் பார்க்கும்போது போகாதே, மறைவாகப் போய்க்கொள்.

சரியான முறை, சொல்வதற்கு ரொம்ப எளிது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் உடனே ஒரே இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போனால், அந்த இடத்திலேயே பாராட்டும் ஒரு தீனியும். வீட்டுக்குள் போய்விட்டால் வாயை மூடிக்கொண்டு துடைக்க வேண்டும். ஃபினைல் கூடாது, தரையை நக்கும். சோப்புத் தண்ணீர், அப்புறம் வினிகர். வாசனை மிஞ்சினால் அதையே கழிப்பிடம் என்று குறித்துக்கொள்ளும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரம்தான் அடக்க முடியும். ராத்திரிக்கும் அதே சட்டம்.

ஆகவே ராத்திரி ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் அலாரம். தோட்டக் கையுறை மாட்டிக்கொண்டு, குட்டியைக் கூடையோடு தூக்கி, கேட்டுக்கு உள்ளே முருங்கை மரத்தடியில் வைத்துவிட்டு, ஐந்தடி தள்ளி நின்று கெஞ்சுவேன். "போடா ராஜா, போயிடுடா."

ஒருநாள் ரோந்து போலீஸ்காரர் கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினார். "என்ன ஸார், இந்நேரத்துல?"

"பாத்ரூம் போகணும் ஸார்."

அவர் வீட்டை அண்ணாந்து பார்த்தார். "ஏன், உள்ளே இல்லியா?"

* * *

ஐந்தாம் நாள் அது நடந்தது. கையுறை இல்லாமல் தட்டை எடுக்கப் போனேன். விளையாட்டாக விரலைக் கவ்வியது. பால் பற்கள் இருபத்தெட்டும் ஊசி மாதிரி இருக்கும். ரத்தம் வரவில்லை. ஆனால் தோலில் ஒரு கீறல், செக்குக்குக் குறுக்குக்கோடு போட்ட மாதிரி.

தெருவில் பிறந்த குட்டி. வெறிநோய் ஊசி இன்னும் போடவில்லை. இந்த விஷயத்தில் 'குட்டிதானே' என்கிற பேச்சே கிடையாது. வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அதற்கு முன்னால் ஊசி போட்டால் தப்பிவிடலாம். குழாயைத் திறந்துவிட்டு, பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே நின்றேன். கழுவும்போது கால் நடுங்கியது. குட்டியால் இல்லை, ஊசியால்.

1997. எனக்கு ஒன்பது வயது. குரோம்பேட்டையில் மளிகைக் கடைக்குப் போன இடத்தில் ஒரு நாய் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டது. அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றி ஊசி. அரசாங்க ஆஸ்பத்திரியில் தினம் ஒன்றாகப் பதினாலு நாள். அந்தக் கடி எப்படி வலித்தது என்று எனக்கு ஞாபகமில்லை. அந்த வார்டின் பச்சைச் சுவர் ஞாபகம் இருக்கிறது.

"நானும் வரேன்" என்றார் அப்பா, சட்டையை மாட்டிக்கொண்டு.

"முழங்கால் வலிக்கும்ப்பா. நானே போய்க்கறேன்."

"வரேன்னு சொன்னேன்ல?"

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பதினாலு நாளும் உன் ரெண்டு கையையும் அழுத்திப் பிடிச்சிட்டிருந்தது நான்தான்டா. நர்ஸம்மாவை நீ ஒண்ணும் சொல்ல மாட்டே. என்னைத்தான் திட்டுவே. 'விடுப்பா, விடுப்பா'ம்பே. கடைக்கு உன்னைத் தனியா அனுப்பினதும் நான்தான்."

எனக்கு அந்தப் பகுதி ஞாபகமே இல்லை. பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் அப்பாவின் கை இருந்திருக்கிறது. பேப்பர் சுருளை ஓங்கியது எந்தக் கை என்று அப்போதுதான் புரிந்தது. அப்பாவுக்குக் கோபம் தலையங்கம் நனைந்ததில் இல்லை.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் சட்டையை வயிற்றுக்கு மேலே தூக்கினேன். நர்ஸ் சிரித்துவிட்டார். "கையைக் காட்டுங்க ஸார்."

இரண்டு தோளிலும் தோலுக்குள் ஒவ்வொரு சின்னக் குத்து. கொசுக்கடி அளவு. முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று நாலே தடவை. அந்தக் காலத்து மருந்தை ஆட்டு மூளையிலிருந்து எடுத்தார்கள். 1907-ல் ஆரம்பித்த குன்னூர் பாஸ்டர் நிலையமும் அதைத் தயாரித்துக்கொண்டிருந்தது. இப்போது செல்களை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். தொப்புள் ஊசி ஒழிந்து இருபது வருஷம் ஆகிறது. நான் மட்டும்தான் இன்னும் அதே வார்டில் படுத்திருந்தேன்.

"அவ்வளவுதானா?" என்று அப்பா நர்ஸைக் கேட்டார், ஏதோ எடையில் குறைத்துவிட்ட மாதிரி.

* * *

அன்று சாயங்காலம் கையுறையைக் கழற்றி வைத்தேன். போனஸை முதல்முறையாகக் கையில் தூக்கினேன். என் சட்டைப் பொத்தானை முகர்ந்து பார்த்தது. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டது. என்னுடையது அதைவிட வேகம்.

கணக்கு நோட்டு ஒன்று வாங்கி, இரண்டு பத்தி கிழித்தேன். இடது பக்கம், காட்ட வேண்டியவை. வலது பக்கம், காட்டியவை. குக்கர் விசில், மிக்ஸி, காலிங் பெல், குடை விரிவது, ஹெல்மெட் போட்ட ஆள், தாடிக்காரர், சிலிண்டர் உருட்டும் சத்தம், இளநீர் வெட்டுவது, ஆட்டோ, குழந்தைகள், ஊன்றுகோல் பாட்டி, கோயில் மேளம், பழவந்தாங்கலில் மின்சார ரயில். தினம் இரண்டு மூன்று அயிட்டம். ஒவ்வொன்றையும் தூரத்திலிருந்து காட்டி, கூடவே பொட்டுக்கடலை அளவு வேகவைத்த கோழி. சத்தம் வந்தால் கோழி வரும் என்று அது முடிவு கட்ட வேண்டும்.

ஒரே நிபந்தனை, வற்புறுத்தக் கூடாது. வால் காலுக்கு நடுவே போனாலும், காது பின்னால் மடிந்தாலும், சும்மா சும்மா உதட்டை நக்கினாலும் நாலடி பின்வாங்க வேண்டும். கொட்டாவி விட்டால் தூக்கம் என்று நினைக்காதீர்கள். பல சமயம் அது பதற்றம். ஆடிட் நாளில் நானே விட்டிருக்கிறேன்.

அடுத்த ஆறு வாரம், நங்கநல்லூர்த் தெருக்களில் கைக்குழந்தை மாதிரி நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நடந்ததைப் பார்த்திருந்தால், அது நான்தான். இளநீர்க்காரர் முதல் நாள் "என்ன ஸார், அதுக்குக் கால்ல அடியா?" என்று விசாரித்தார். இரண்டாம் வாரம் அவரே "உங்க பையன் வந்துட்டான்" என்று கோழித் துண்டை வாங்கிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இடது பத்தியில் ஒரு வரியை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். தெருமுனையில் படுத்திருக்கும் மூன்று நாய்கள்.

பத்தாவது வாரம் போனேன். முப்பதடி தள்ளி நின்றேன். மூன்றும் தலையைத் தூக்கின. ஒன்று எழுந்தது. எனக்கு நாக்கு வறண்டது. போனஸைப் பார்த்தேன். அது அந்த நாய்களைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்னிடமிருந்து பதிலுக்குக் காத்திருந்தது ஸார். பயப்படலாமா, வேண்டாமா?

சோபாமேல் நின்ற என் மகளும் அன்றைக்கு இதே மாதிரிதான் பார்த்திருப்பாள்.

மூச்சை மெதுவாக விட்டேன். எங்கிருந்தோ ஒரு சாதாரணக் குரலைத் தேடிப் பிடித்து, "அவங்கல்லாம் நம்ம தெருக்காரங்கடா" என்றேன். குரல் கொஞ்சம் கீச்சென்றுதான் வந்தது. எழுந்த நாய் உடம்பை முறித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. ஒரு துண்டு கோழி கொடுத்தேன். இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினோம்.

மறுநாளும் நடிப்பு. அதற்கு மறுநாளும். நடிப்பு எந்தத் தேதியில் நின்றது என்று நோட்டில் குறிப்பு இல்லை.

அந்த வாரத்திலிருந்து மகளும் கூட வந்தாள். கோழி டப்பா அவள் இலாகா. அவளுக்கும் மூன்று சட்டம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் தாடைக்குக் கீழே தடவ வேண்டும். கடித்து விளையாட வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது. மரம் மாதிரி நிற்க வேண்டும். ஓடினால் துரத்துவது விளையாட்டு. மரத்தோடு விளையாட ஒன்றும் இல்லை. "நான் என்ன மரம்ப்பா?" என்றாள். வேப்பமரம் என்று முடிவானது.

வீட்டில் மற்றவர்களுக்கும் சட்டம் உண்டு. சாக்லேட் ஆகாது. திராட்சை ஆகாது, பாயசத்து உலர்திராட்சையும் சேர்த்தி. வெங்காயம் ஆகாது, அதனால் சாம்பார் சாதம் போடக் கூடாது. "அப்புறம் நாய்னு பொறந்து என்ன பிரயோஜனம்?" என்றார் அப்பா.

* * *

தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே ஒத்திகை. போனில் பட்டாசுச் சத்தத்தை, கேட்டும் கேட்காத அளவில் வைத்து, அது சாப்பிடும்போது ஓட விடுவேன். நாலு நாளைக்கு ஒருமுறை சத்தத்தை ஒரு புள்ளி கூட்டுவேன். கடைசியில் சரவெடிச் சத்தத்துக்கு வாலை ஆட்டிக்கொண்டு தட்டைத் தேடியது. பாஸ் என்று நோட்டில் எழுதினேன்.

2024 அக்டோபர் 31. பட்டாசுக்குக் காலை ஆறிலிருந்து ஏழு, ராத்திரி ஏழிலிருந்து எட்டு என்று அரசாங்கம் நேரம் வைத்திருக்கிறது. எங்கள் தெருக் கடிகாரம் அதைவிடத் தாராளமானது. விடிகாலை நாலரைக்கு முதல் வெடி. போனில் வரும் சத்தத்துக்கு அதிர்வு கிடையாது, புகை கிடையாது, கந்தக நாற்றம் கிடையாது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்ததும் போனஸ் வீடு முழுக்கச் சுற்றிவிட்டு பாத்ரூமுக்குள் போய் வாளிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. உடம்பெல்லாம் நடுக்கம்.

பயப்படும் நாயைக் கொஞ்சினால் பயம் அதிகமாகும் என்று சொல்வார்கள். அது தப்பு. பயம் என்பது சன்மானம் கொடுத்து வளர்க்கிற விஷயம் இல்லை. கூட இருந்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நானும் மகளும் மாற்றி மாற்றி பாத்ரூமில் உட்கார்ந்தோம். அவள் அந்த வருஷம் மத்தாப்பைக்கூடச் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போட்டாள்.

ராத்திரி எட்டரை மணி. உறவினர் வீட்டுக்குப் பட்சணம் கொடுக்கப் போன நாங்கள் திரும்பி வந்தோம். கூடத்தில் யாரும் இல்லை. பாத்ரூம் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ரேடியோ சத்தம். மெதுவாகத் திறந்தேன்.

மணைப்பலகையைப் போட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முழங்காலை நீட்டி அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு. துண்டுக்குள் போனஸ். அதன் முன்னங்கால் இரண்டையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார், அழுத்தாமல்.

"சத்தம் போடாதே" என்றார். "இப்பத்தான் தூங்கினான்."

'தூங்கினான்.' நான் கதவை மறுபடியும் சாத்திவிட்டேன்.

* * *

மாநகராட்சி லைசென்ஸுக்கு வெறிநோய் ஊசிச் சான்றிதழ் கேட்டார்கள். இரண்டும் எடுத்தாயிற்று. போனஸ் இப்போது நாற்பத்திரண்டு பல்லும் முளைத்த முழு நாய். ஹெல்மெட்காரர், தாடிக்காரர், மேளம், ரயில் எதற்கும் அசைவதில்லை. தெருமுனை நாய்கள் மூன்றும் அவனுக்கு சிநேகிதர்கள், எனக்கு அறிமுகமானவர்கள். மகள் கேட்டைத் திறந்துகொண்டு என்னைத் தாண்டி முன்னால் போகிறாள். பெரிய வெடிக்கு மட்டும் போனஸ் இன்னும் பாத்ரூமுக்குத்தான் போகிறான்.

நோட்டில் இன்னும் ஒரு வரிக்கு டிக் விழவில்லை. மூன்றாம் நாள் விழுந்த ஒரே ஒரு அடி. எத்தனையோ கிலோ கோழி செலவழித்தும் அந்தப் பற்று நேராகவில்லை. பேப்பரை யாராவது சரசரவென்று விரித்தால் போதும், எங்கே இருந்தாலும் எழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். அப்பாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

நாங்கள் யாரும் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் காலையில் பேப்பர் வந்ததும் அவர் மாடிப்படியில் போய் உட்கார்ந்து, சத்தமில்லாமல் அதை எட்டாக மடிக்கிறார். முப்பது வருஷப் பழக்கம், கை மறக்கவில்லை. அப்புறம் உள்ளே வந்து, காலடியில் போனஸ் படுத்திருக்க, ஒவ்வொரு மடிப்பாக மெதுவாகத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார், கூட்டமான மின்சார ரயிலில் நிற்கிறவர் மாதிரி.